குழந்தைகளோடு ஒரு தொலைதூரப் பயணம்



ஒரு காலத்தில் உரோமைப் பயணம் என்றால் அது ஆயர்களுக்கும் குருக்களுக்கும் மட்டுமே உரியது என்று நம் மக்கள் எண்ணியிருந்தனர். இன்று நிலைமை வேறு. ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேமித்து, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தெற்கு ஐரோப்பாவைக் கண்டுவர விரும்பும் குடும்பங்கள் நம் பங்குகளிலேயே உள்ளன. சுற்றுலாக் குழுவோடு பேருந்தில் போவதைவிட வாடகைக் காரை எடுத்துக்கொண்டு தம் விருப்பப்படி ஊர் ஊராகச் செல்வதையே இளைய தலைமுறையினர் நாடுகின்றனர். அந்த விருப்பத்தில் குறையொன்றும் இல்லை. ஆயினும் பெரியவர்கள் தமக்கெனத் தீட்டும் திட்டத்தில் குழந்தைகளை வெறும் சுமையாக ஏற்றிச் செல்வார்களேயானால், செலவழித்த பணமும் வீண். சேர்த்துவைத்த ஆசையும் வீண். ஆகவேதான் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத முற்படுகிறேன்.

பதினொரு ஊர்களும் பதினான்கு நாள்களும்

சில காலத்திற்கு முன் இளம் தம்பதியர் இருவர் ஒரு தாளோடு என்னிடம் வந்தனர். ஒன்பது வயதில் ஒரு மகள். மூன்று வயதில் ஒரு மகன். தாளில் பதினொரு ஊர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன: லிஸ்பன், பாத்திமா, லூர்து, பார்சலோனா, நீஸ், ஜெனோவா, பீசா, புளோரன்ஸ், வெனிஸ், அசிசி, உரோமை. கையிலிருந்தவையோ பதினான்கே நாள்கள். கணவர் சொன்னார்: “சுவாமி, இனி எப்போது போகப் போகிறோம்? போவதே ஒருமுறை, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.” மனைவி ஒன்றும் பேசவில்லை. மடியில் உறங்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தவாறு இருந்தார்.

நிலப்படத்தை விரித்துத் தொலைவுகளைக் கூட்டினோம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தது. எங்கும் நிற்காமல் ஓட்டினாலும் ஏறத்தாழ நாற்பது மணி நேரம் காரிலேயே கழியும். மூன்று வயதுக் குழந்தையோடு போகும்போது அந்த நாற்பது ஐம்பத்தைந்தாகும். ஒரு நாட்டில் எடுத்த காரை வேறொரு நாட்டில் விடுவதற்கு வாடகை நிறுவனங்கள் தனியாகப் பெருந்தொகை வாங்குவதும் உண்டு. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்றை அந்தக் கணவர் எண்ணிப் பார்க்கவில்லை. வண்டி ஓட்டப் போகிறவர் அவர் ஒருவரே. அவருடைய களைப்பில்தான் நான்கு உயிர்களும் அடங்கியிருந்தன.

“தம்பி, பார்க்க வேண்டிய ஊர்களைக் குறித்துவிட்டீர், உறங்க வேண்டிய இரவுகளை இன்னும் குறிக்கவில்லையே” என்றேன். அன்று மாலை நாங்கள் செய்த வேலை முழுவதும் கழித்தல் கணக்குத்தான்.

கழித்தலில் ஒன்று மட்டும் வருத்தம் தந்தது. லூர்து மாதா கெபியில் தன் பெயரால் மெழுகுதிரி ஒன்று ஏற்றிவர வேண்டும் என்று கணவரின் தாயார் கேட்டிருந்தார். இத்தாலியிலிருந்து லூர்துக்குப் போய்வருவதென்றால் வழியிலேயே நான்கு நாள்கள் கழியும். மகனால் அதைத் தாயிடம் சொல்ல இயலவில்லை, மருமகள்தான் சொன்னார். அம்மூதாட்டி சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, “பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் திரும்பட்டும், திரியை நான் நம் கோவில் கெபியிலேயே ஏற்றிக்கொள்கிறேன்” என்றாராம். திட்டத்திலிருந்து ஓர் ஊரை நீக்குவது எளிதன்று. அந்த ஊருக்குப் பின்னால் யாரோ ஒருவரின் ஆசை நிற்கிறது. அதை மறைக்காமல் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வதே குடும்பத்துக்கு நல்லது.

ஒரு நாடு, நான்கு தங்குமிடங்கள்

இறுதியில் அவர்கள் இத்தாலியை மட்டும் தேர்ந்துகொண்டனர். உரோமையில் நான்கு இரவுகள், அசிசியில் மூன்று, லூக்காவில் நான்கு, பதுவாவில் மூன்று. விமானம் இறங்குவது உரோமையில், ஏறுவது வெனிசில். தொடங்கிய இடத்துக்கே திரும்பி ஓட்ட வேண்டியதில்லை. நெடுந்தொலைவு ஓட்டும் நாள்கள் மூன்றே: உரோமையிலிருந்து அசிசிக்குச் சுமார் 180 கிலோமீட்டர், அசிசியிலிருந்து லூக்காவுக்குச் சுமார் 250, லூக்காவிலிருந்து பதுவாவுக்குச் சுமார் 270. எந்த நாளிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் சக்கரம் பிடிக்கும் கட்டாயம் இல்லை. ஓர் இரவு மட்டுமே தங்கும் ஊர் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பெட்டியை அவிழ்ப்பதும் கட்டுவதும் தாய்மார்களின் தலையில் விழும் வேலை; அதைக் குறைத்தால் அவர்களுக்கும் அது விடுமுறையாகும்.

காலமும் நமக்கு ஒத்துவருகிறது. நம் நாட்டில் கோடை கொளுத்தும் மே மாதம் அங்கே இளவேனில். பகலில் இதமான வெயில். மாலை எட்டு மணிக்கும் வெளிச்சம். சூலையிலும் ஆகஸ்டிலும் அங்கும் வெப்பம் 35 பாகையைத் தாண்டுவதுண்டு, கூட்டமும் பெருகும். ஆகஸ்டு 15 விண்ணேற்பு விழாவை ஒட்டிப் பல கடைகள் மூடப்பட்டுவிடும். நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை இவ்வளவு பொருத்தமாக அமைந்திருப்பது நமக்கு வாய்த்த நன்மையே.

புறப்படுமுன் செய்ய வேண்டுவன

இத்தாலி, பிரான்சு, ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகியவை ஷெங்கன் நாடுகள்; ஒரே விசாவில் அனைத்துக்கும் செல்லலாம். மிகுதியான நாள்கள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் கொடுக்கலாம். 2024 சூன் முதல் பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ; ஆறு வயது முதல் பதினொன்று வரை 45 யூரோ; ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

நம் ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்றுச் செல்ல வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும். வாடகைக் காருக்கு முன்பணமாக ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். அதற்கு வண்டி ஓட்டுபவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருத்தல் வேண்டும். பெரும்பாலான வண்டிகள் கையால் கியர் மாற்றுபவை; தானியங்கி வண்டி வேண்டுவோர் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். நால்வருக்கு நான்கு பெரிய பெட்டிகள் என்றால் சிறிய காரில் அடங்கா. இரண்டு பெட்டிகளோடு நிறுத்திக்கொண்டு, வழியில் துணி துவைத்துக்கொள்வதே அறிவுடைமை.

உணவுப் பொட்டலம் கட்டும் பாட்டிமார்களுக்கு ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுவரத் தடை உண்டு. ஆகவே நெய்யும் பால்கோவாவும் சுங்கத்தாரின் குப்பைத் தொட்டிக்கே போகும். பச்சைக் கறிவேப்பிலையும் அவ்வாறே. பருப்புப்பொடியும் ஊறுகாயும் போதும். அரிசி அங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். இத்தாலியரின் குறுகிய பருத்த அரிசியைக் குழைய வடித்து, சர்க்கரை சேர்க்காத வெள்ளைத் தயிரை ஊற்றிப் பிசைந்தால் தயிர்ச்சோறு குறைவின்றி அமையும். அங்குள்ள பல உணவகங்களில் இரவு ஏழரை மணிக்கு முன் அடுப்பு மூட்டுவதில்லை. நம் குழந்தைகளுக்கோ ஆறு மணிக்கே பசிக்கும். எனவே சமையலறையுள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பதே நலம்.

காரில் குழந்தைகள்

இத்தாலியச் சட்டப்படி 150 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த எந்தக் குழந்தையும் தனக்கு ஏற்ற பாதுகாப்பு இருக்கையில்தான் அமர வேண்டும். ஒன்பது வயது மகளைப் ‘பெரிய பிள்ளை’ என்று நாம் கருதலாம். சட்டம் அவ்வாறு கருதாது. அவளுக்கும் உயர்த்தும் இருக்கை தேவை. தாயின் மடி பாதுகாப்பான இருக்கை அன்று. மோதலின் வேகத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பற்றி நிற்காது. இன்னொரு விதியும் உண்டு. நான்கு வயது நிறையாத குழந்தையின் இருக்கையில், குழந்தையை மறந்து இறங்கிவிட்டால் எச்சரிக்கும் கருவி ஒன்று அங்கே கட்டாயம். 2019 நவம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. மூடிய காரின் வெப்பத்தில் குழந்தைகள் மாண்டுபோன துயர நிகழ்ச்சிகளே இச்சட்டத்துக்குக் காரணம். வாடகைக் காரை எடுக்கும்போதே இக்கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கே வண்டிகள் வலப்புறம் செல்லும். ஓட்டுநரின் இருக்கை இடப்புறம். ஆகவே உரோமை நகருக்குள் காரே வேண்டாம். நகரைவிட்டுப் புறப்படும் நாளில் எடுத்தால் போதும். பழைய நகரங்களின் நடுப்பகுதிகளில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வட்டங்கள் உள்ளன. சிவப்பு வளையமிட்ட வெள்ளைப் பலகையே அதன் அடையாளம். அனுமதியின்றி நுழையும் வண்டியைக் கருவி படம்பிடித்துவிடும். பல மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு நம் வீட்டுக்கே வந்து சேரும். தங்கும் வீடு அந்த வட்டத்துக்குள் இருக்கிறதா, காரை எங்கே நிறுத்துவது என்று முன்பதிவின்போதே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலையில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கட்டணம் செலுத்துவது அங்குள்ள பொதுவான முறை. மாதக் கணக்கு வைத்திருப்போருக்குரிய மஞ்சள் வழியில் மட்டும் நுழைந்துவிடக் கூடாது. வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர்; மழையில் 110. மிலானையும் நேப்பிள்சையும் இணைக்கும் ‘சூரிய நெடுஞ்சாலை’ 1964 அக்டோபர் 4 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டது. புளோரன்சுக்கும் பொலோஞாவுக்கும் இடையே அது அப்பெனைன் மலைகளைக் கடக்கிறது. அவ்விடத்தில் சாலை இரண்டாகப் பிரியும். பழைய வழி வளைந்து வளைந்து செல்வது. 2015 டிசம்பரில் திறந்த புதிய வழி சுரங்கங்கள் வழியே நேராகச் செல்வது. காரில் வாந்தியெடுக்கும் பிள்ளை இருந்தால் இயற்கைக் காட்சியைத் தியாகம் செய்துவிட்டுப் புதிய வழியையே பிடியுங்கள்.

குழந்தையின் கண்ணுக்கு எட்டும் ஊர்கள்

மே மாதத்தில் இத்தாலியின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. எனவே முதல் சில நாள்கள் பிள்ளைகள் விடியுமுன்னரே விழித்துக்கொள்வர். இதைத் தொல்லையாகக் கருதாது பயன்படுத்திக்கொள்ளலாம். புனித பேதுரு பேராலயம் காலை ஏழு மணிக்குத் திறக்கும். பத்து மணிக்கு வருவோர் வெயிலில் நீண்ட வரிசையில் நிற்கையில், உங்கள் பிள்ளைகள் உள்ளே பார்த்து முடித்துத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். புதன்கிழமை காலைகளில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு நடைபெறுவதால், பேராலயத்துக்கு வேறு நாளைக் குறித்துக்கொள்க. உரோமையின் தெருமுனைகளில் நாள் முழுதும் ஓடும் குடிநீர்க் குழாய்கள் இரண்டாயிரத்துக்கு மேல் உள்ளன. குழாயின் நுனியை விரலால் அடைத்தால் மேலுள்ள சிறு துளை வழியே நீர் வளைந்து பாயும். எந்தச் சிறுவனும் இதை மறக்க மாட்டான். அரசு அருங்காட்சியகங்களிலும் கொலோசியத்திலும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் அவர்களுக்கும் முன்பதிவுச் சீட்டு தேவைப்படலாம்.

அசிசிக்குச் செல்லும் வழியில் சற்று விலகினால் கிரேச்சோ என்னும் மலையூர். 1223-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில் புனித பிரான்சிஸ் அசிசியார் உயிருள்ள விலங்குகளோடு குடில் அமைத்த இடம் அது. ஆண்டுதோறும் வீட்டில் வைக்கோல் பரப்பிக் குடில் கட்டும் நம் பிள்ளைகளுக்கு அதன் பிறப்பிடத்தைக் காட்டுவதைவிடச் சிறந்த மறைக்கல்வி வேறென்ன? அசிசிப் பேராலயத்தின் மேற்கோவிலில் அப்புனிதரின் வாழ்க்கை இருபத்தெட்டு சுவரோவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளது; எழுத்தறியாத குழந்தையும் அவற்றை வரிசையாகப் படித்துவிடும். 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் கூரையின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்து பின்னர்ச் செப்பனிடப்பட்டது. அதே ஊரின் மற்றொரு கோவிலில், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுதிஸ் என்னும் சிறுவரின் உடல், அவர் அணிந்துவந்த ஜீன்ஸ் உடையோடும் விளையாட்டுக் காலணியோடும் வைக்கப்பட்டுள்ளது. ஒரு மணி நேரத் தொலைவில் கூபியோ. ஓநாயைப் புனிதர் அடக்கிய கதைக்குரிய ஊர் அதுவே.

லூக்கா நகரைச் சூழ்ந்த பழைய மதில் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. அதன்மேல் வண்டிகள் ஓடா. சிறுவர் மிதிவண்டியில் சுற்றிவரலாம். அருகிலுள்ள கொலோதி, பினோக்கியோ கதையை எழுதியவர் தம் புனைபெயராகக் கொண்ட சிற்றூர். அங்கே 1956 முதல் பினோக்கியோ பூங்கா இருக்கிறது. பீசாவின் சாய்ந்த கோபுரமும் பக்கத்திலேயே உள்ளது. ஆனால் எட்டு வயது நிறையாதவர்களை அதன்மேல் ஏற விடுவதில்லை. இதை முன்பே அறிந்தால் வாயிலில் நின்று அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த வேண்டிவராது.

பதுவாவை நம்மவருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லிஸ்பனில் பிறந்து 1231-இல் பதுவாவின் அருகே இறந்த அந்தோனியார், மறு ஆண்டே புனிதராக அறிவிக்கப்பட்டார். அங்கிருந்து வெனிசுக்கு இரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம். காருக்கு வெனிசில் வேலை இல்லை. நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள் உள்ள ஊரில் தள்ளுவண்டியும் பயன்படாது; சிறு குழந்தையை முதுகில் சுமக்கும் பையே உதவும். 2024 முதல் குறிப்பிட்ட சில நாள்களில் பகலில் வந்து திரும்புவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கப்படுகிறது. பதினான்கு வயதுக்குட்பட்டோர் அதைச் செலுத்த வேண்டியதில்லை.

வெறுமையாக விட்ட ஒரு நாள்

ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஒரு நாளை எதுவும் எழுதாமல் விட்டுவிடும்படி அத்தம்பதியரிடம் சொல்லியிருந்தேன். கணவருக்கு அது பிடிக்கவில்லை. ‘வீணாகும் நாள்’ என்று நினைத்தார். லூக்காவில் இரண்டாம் நாள் இரவு மகனுக்குக் காய்ச்சல் கண்டது. பச்சைச் சிலுவைக் குறியிட்ட மருந்துக்கடையைத் தேடிப் போனார்கள், மருத்துவரையும் பார்த்தார்கள். மறுநாள் ஊர் மாற வேண்டிய திட்டமாக இருந்திருந்தால், காய்ச்சலோடு குழந்தையைக் காரில் ஏற்றியிருக்க வேண்டும். இரவெல்லாம் விழித்த தந்தை சக்கரம் பிடித்திருக்க வேண்டும். அப்படி நேரவில்லை. தாய் மகனோடு வீட்டில் இருந்தார். தந்தை மகளை மட்டும் பீசாவுக்கு அழைத்துச் சென்று கோபுரத்தின்மேல் ஏற்றினார். தந்தையும் மகளுமாய் ஒரு நாள் முழுவதும் தனித்திருந்தது அவள் வாழ்வில் அதுவே முதல் முறையாம். புளோரன்சைப் பார்க்க முடியாமற் போயிற்று. திரும்பி வந்தபின் அதைப் பற்றி அவ்வீட்டில் எவரும் வருந்தக் காணேன்.

குழந்தை தொலைந்துபோகும் அச்சமும் பயணத்தில் உண்டு. எருசலேம் திருவிழாவிலிருந்து திரும்பிய திருக்குடும்பத்துக்கே அது நேர்ந்தது. பிள்ளை உறவினர் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்த பிறகல்லவா அவர்கள் தேடத் தொடங்கினர்? ஆகவே ‘நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன்’ என்னும் பேச்சுக்கு இடமில்லாதபடி, இந்தக் குழந்தைக்கு இவர் பொறுப்பு என்று காலையிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் மணிக்கட்டில் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அவசர எண் 112 என்பதை மூத்த பிள்ளைக்கும் கற்பியுங்கள்.

அன்புடையீர், நீங்களும் இத்தகைய பயணத்தை எண்ணியிருந்தால், விசா விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஒரு மாலை வேளையில் வீட்டார் அனைவரும் மேசையைச் சுற்றி அமருங்கள். ஊர்ப் பட்டியலை உரக்க வாசியுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் நேராக, அது யாருடைய ஆசை என்று எழுதுங்கள். தாத்தாவின் ஆசையும் இருக்கட்டும். மூன்று வயதுக் குழந்தையின் பெயரும் ஓர் ஊருக்கு நேராக இருக்கட்டும். பின்னர், வண்டி ஓட்டப் போகிறவர் எழுதுகோலை எடுத்து, தம்மால் இயலாதவற்றை நாணமின்றி அடிக்கட்டும். எஞ்சியிருப்பதே உங்கள் பயணம். நலமாய்ச் சென்று நலமாய்த் திரும்புங்கள்.